சுவருக்கு மூன்று வண்ணம்

பேரவையின் ஆண்டு மலருக்குச் சமூகத் தொண்டு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுத் தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டார். இதுபோன்ற தலைப்பில் முன்னாள் மாணவர்கள் எப்படி எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். மாணவனாக இருந்தபோது அவற்றைப் படித்தவன்தான் நானும். ‘அக்காலத்தில் நாங்கள்’ என்று தொடங்கி, ‘இளைஞர்களே, விழித்தெழுங்கள்’ என்று முடிப்பார்கள். அப்படி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஏன் இல்லை என்பதையே எழுதித் தருகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். சற்றுத் தயங்கிவிட்டு, “சரிங்க அண்ணே” என்றார்.

2005ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தில் காலடி எடுத்து வைத்தேன். முதல் தவணையிலேயே பேரவை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனது. பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய மலிவு விலை அடுக்குமாடிப் பகுதி அது. அங்கிருந்த நம்மவர்களில் பலர் ஒரு காலத்தில் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபோது பட்டணத்துப் புறம்போக்கு நிலத்துக்கு வந்தார்கள். புறம்போக்கு வீடுகளையும் உடைத்த பிறகு இந்த அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். மின்தூக்கி இரண்டில் ஒன்று எப்போதும் பழுதாக இருக்கும். அங்குள்ள சமூக மண்டபத்துக்கு வண்ணம் பூசுவது எங்களுக்கு இட்ட பணி.

அறுபது பேர் போனோம். ஆதரவாளரின் சின்னம் பொறித்த டீ-சட்டை எல்லாருக்கும் கிடைத்தது. தூரிகைகள் இருபதுதான் இருந்தன. ஆகவே இருபது பேர் பூச, நாற்பது பேர் படம் எடுத்தோம். மதியம் நாசி லெமாக் பொட்டலம், மாலையில் பதாகைக்கு முன் நின்று கட்டை விரலைத் தூக்கியபடி குழுப் படம். மஞ்சள் வண்ணம். நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் மாடி நடைபாதையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா காலை முதல் மாலை வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவரும் மேலே ஏறிப் போய் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறு ஆண்டு வேறொரு கல்லூரி மாணவர்கள் வந்து அதே சுவருக்கு நீல வண்ணம் பூசினார்கள். அதற்கடுத்த ஆண்டு ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் வந்து பச்சை அடித்து, மேலே மரமும் பறவையும் வரைந்துவிட்டுப் போனார்கள். பந்து பட்டுப் பட்டு ஓரிடத்தில் காரை பெயர்ந்தபோது பச்சைக்குக் கீழே நீலமும், நீலத்துக்குக் கீழே எங்கள் மஞ்சளும் தெரிந்தன. அங்குள்ள பிள்ளைகள் அதற்குக் ‘கேக் லாப்பிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்படிக் கேலி செய்யும் பிள்ளைகளுக்குத்தான் படிப்பு வராது என்று நாங்கள் ‘தன்முனைப்பு முகாம்’ நடத்திக்கொண்டிருந்தோம்!

யாரையும் நையாண்டி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். விடுதியில் அடுத்த ஆண்டும் இடம் வேண்டுமானால் நடவடிக்கைப் புள்ளிகள் வேண்டும். நிகழ்ச்சி நடத்தினால் புள்ளி, இயக்குநர் பதவி வகித்தால் கூடுதல் புள்ளி. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு புது நிகழ்ச்சி, புதுப் பெயர், புதுச் செயற்குழு. ஏற்கெனவே நடப்பதைத் தொடர்ந்து நடத்துபவருக்கு இயக்குநர் பட்டம் கிடைப்பதில்லை. அறவாரியங்களுக்கும் இதே நிலைதான். நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் ‘பயனடைந்தோர் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் இருக்கும். மண்டபத்துக்கு வண்ணம் பூசினால் அந்தக் கட்டத்தில் நானூறு குடும்பம் என்று எழுதலாம். நான்கு ஆண்டு அலைந்து ஒரு பெண்ணுக்கு அடையாள அட்டை வாங்கிக் கொடுத்தால் ஒன்று என்று எழுத வேண்டும்.

அந்த ‘ஒன்று’ பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், முன்பு சலவைக் கடையாக இருந்த அறையில், உள்ளூர் அறவாரியம் ஒன்று சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை இயங்கி வந்தது. மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பிரத்தியேக வகுப்பு. அறையில் பத்திரச் சிக்கல் உள்ளவர்களுக்கு உதவி. நடத்தியவர் ஓர் அக்கா. அரசாங்க மருத்துவமனையில் 31 ஆண்டு கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் ஆண்டில் கணிதம் சொல்லிக் கொடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நான் போனேன். உண்மையைச் சொன்னால், புள்ளிக்காகத்தான் போனேன்.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிறவர் எவராக இருந்தாலும் முதல் மூன்று சனிக்கிழமை நாற்காலி அடுக்க வேண்டும், தரையைக் கூட்ட வேண்டும். அதன் பிறகுதான் வெண்பலகைப் பேனா கையில் வரும். “மூணு வாரம் நாற்காலி தூக்கிட்டும் நாலாவது வாரம் வர்றவங்களுக்குத்தான் பிள்ளைங்க பேரைச் சொல்லுவேன் தம்பி. பாதியில போற ஆளுக்கு எதுக்குப் பேரு?” என்பார். எனக்கு அப்போது கோபம் வந்தது. பல்கலைக்கழக மாணவனைக் கூட்டச் சொல்கிறாரே என்று. இப்போது நினைத்தால் அவர் எவ்வளவு பேரைப் பார்த்துச் சலித்திருப்பார் என்று தோன்றுகிறது.

எனக்குக் கிடைத்தது புகுமுக வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய மொழியில் தேர்ச்சி போதாமல், படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு கூடுதலாக உட்கார வைக்கப்பட்டவர்கள். நம் மலர்களில் புகுமுக வகுப்பு பற்றிப் புலம்பல் நிறைய உண்டு. ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எப்படி இருக்கும் என்று பக்கத்தில் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. பின்னக் கணக்குத் தெரியாதவன் என்று நான் நினைத்த ஒருவன், கேள்வியில் இருந்த ஒரு மலாய்ச் சொல் புரியாமல்தான் விழித்துக்கொண்டிருந்தான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து சனிக்கிழமை ஆயிற்று. ஒரே நாளில் நடத்தும் எந்த முகாமிலும் அது தெரிய வந்திருக்காது.

இந்த வேலைக்கு இப்போது தேவை குறைந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இலும் பி.டி.3 தேர்வை 2022இலும் கைவிட்டுவிட்டார்கள் அல்லவா, பிறகு எதற்குப் பிரத்தியேக வகுப்பு என்பது அவர்கள் வாதம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அந்தத் தேர்வுகள் இல்லாமல் போனதால் பின்தங்கிய பிள்ளையின் நிலை எஸ்.பி.எம். வரை வெளியே தெரியாமல் போகலாம். பதினேழு வயதில் தெரிந்து என்ன செய்வது? வாரா வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஒருவர் முன்பைவிட இப்போதுதான் தேவைப்படுகிறார்.

பெரிய தொகைகளைக் காட்டிலும் இப்படிச் சலிக்காமல் தொடர்ந்து செய்த சின்ன வேலைகளால்தான் நம் சமுதாயம் இங்கே காலூன்றியது. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கிய காலத்தில், அதன் தமிழ் நூலகத்துக்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. தம் பிள்ளை அந்த நூலகத்தின் வாசற்படியை மிதிக்குமா என்று தெரியாத தொழிலாளிகள் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டு துண்டாக விலை போய்க்கொண்டிருந்த நேரம் அது. தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அப்படித்தான் வாங்கினார்கள். மேடையில் பேசியவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. மாதா மாதம் லயத்து வாசலில் நின்று அந்தப் பத்து வெள்ளியை வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தவர்களின் பெயர்கள் இல்லை. நம் காலத்துக்கு நெருங்கி வந்தால், 1982இல் முனைவர் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையம் இருக்கிறது. அது நிலைத்ததற்கும் வார இறுதிதோறும் வந்து பாடம் நடத்திய பல்கலைக்கழக மாணவர்கள்தான் காரணம். இந்த மலரைப் படிக்கும் சிலர் அந்த நிலையத்தில் படித்திருப்பீர்கள், சிலர் படிப்பித்திருப்பீர்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2007 அக்டோபரில் அக்கா ஒரு கோப்பை என்னிடம் ஒப்படைத்தார். அந்த அடுக்குமாடியில் குடியிருந்த ஒரு பெண்ணுடையது. அப்போது அவளுக்கு இருபது வயது. எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி. ஆனால் மெட்ரிகுலேஷனுக்கு மனுச் செய்ய முடியவில்லை. பல்கலைக்கழகம் பற்றிப் பேச்சே இல்லை. காரணம், அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் ‘குடிமகள் அல்ல’ என்று பொருள்படும் இரண்டு மலாய்ச் சொற்கள் இருந்தன.

அவள் பிறந்தது கோலாலம்பூரில். அப்பா நீல அடையாள அட்டை வைத்திருக்கும் லாரி ஓட்டுநர். அம்மா தோட்டத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். அவருடைய பிறப்பைப் பதியவே இல்லை. சட்டப்படி அந்த அம்மாளும் இந்நாட்டுக் குடிமகளாகவே இருந்திருக்கலாம். ஆனால் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. பெற்றோர் கோவிலில் தாலி கட்டிக்கொண்டார்கள், ஊரே வந்து சாப்பிட்டது. பதிவுத் திருமணம் மட்டும் நடக்கவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த பிறகு, பதியாத கோவில் கல்யாணம் சட்டத்தின் கண்ணுக்குக் கல்யாணமே இல்லை. மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளையின் குடியுரிமையைத் தாயை வைத்துத்தான் பார்ப்பார்கள். அப்பாவின் நீல அட்டை கணக்கில் வராது. தாய்க்கும் பத்திரம் இல்லை என்றால் பிள்ளைக்கும் நாடு இல்லை.

நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் சமுதாயச் சிக்கல்கள் பற்றிப் பட்டிமன்றத்தில் பேசிப் பரிசு வாங்கியவன். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்கா ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கோடு போட்டு எனக்கு விளக்கினார்.

அவளுக்கு ஒரு வழி இருந்தது. கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்படி, 21 வயதுக்கு உட்பட்ட எவரையும் சிறப்புச் சூழ்நிலை கருதி அரசாங்கம் குடிமகனாகப் பதியலாம். மருத்துவமனைப் பதிவு, தந்தையின் சத்தியப் பிரமாணம், பள்ளி முதல்வரின் கடிதம், அண்டை வீட்டார் இருவரின் சாட்சியம் எல்லாம் சேர்த்து மனு கொடுக்க வேண்டும். 2008 ஜூன் மாதம் அவளுக்கு 21 முடிகிறது. எட்டு மாதம் இருந்தது.

நான் ஓடி ஓடித்தான் வேலை செய்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை. பள்ளி முதல்வரிடம் மூன்று முறை போனேன். இடையில் நவம்பர் 25 வந்தது. இண்ட்ராப் பேரணி நடந்த நாள். அதன் பிறகு விடுதியில் தூக்கமே இல்லை. தோட்டங்கள், அடையாள அட்டை, கோவில்கள் என்று விடிய விடிய விவாதம். என் அறைக்கு வந்து இந்தச் சமுதாயத்துக்காக எதையும் செய்வேன் என்று கண்கலங்கியவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களிடம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னேன். ஒருவர் வந்தார். அவரும் மூன்றாவது நாற்காலி வாரத்தோடு நின்றுவிட்டார். அவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இருந்தது, ஏப்ரல் மாதம் வரை.

பதிவு அலுவலகத்தில் நேர்காணலுக்கு ஏப்ரல் மாதத்தில் ஒரு புதன்கிழமை நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். மூலப் பத்திரங்களையும் நகல்களையும் வரிசைப்படுத்திக் கொண்டு வருவது என் பொறுப்பு. அதே வாரம் தவணைத் தேர்வு. தேர்வு அட்டவணையில் ஒரு தாள் முன்தள்ளி அந்தப் புதன்கிழமைக்கே வந்து விழுந்தது. அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை நினைத்தேன், செவ்வாய்க்கிழமை இரவும் நினைத்தேன். சொன்னால் திட்டுவார் என்று தள்ளிப் போட்டேன். புதன்கிழமை காலை கைத்தொலைபேசியை அடைத்துப் பையில் வைத்துவிட்டுத் தேர்வு மண்டபத்துக்குள் போனேன்.

அவளும் அவள் அம்மாவும் ரயில் நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு தங்களிடம் இருந்த தாள்களோடு இருவருமே போயிருக்கிறார்கள். முகப்பிடத்தில் தாள்களைச் சரிபார்த்துவிட்டு, பள்ளி முதல்வரின் கடிதமும் மருத்துவமனைப் பதிவும் இல்லை என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவை இரண்டும் என் விடுதி மேசையில், நீல நிறக் கோப்புக்குள் பத்திரமாக இருந்தன. மறுநாளே ஓடினேன். அடுத்த நாள் கிடைத்தது ஜூலையில். பிறந்தநாள் ஜூனில்.

அந்தத் தாளில் எனக்கு ‘ஏ’ கிடைத்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. “பரவால்ல அண்ணே, உங்களுக்குப் பரீட்சைதானே” என்றாள். அவள் அம்மா எதுவும் பேசாமல் தே தாரிக் கலக்கிக் கொடுத்தார். அவரை உற்றுப் பார்த்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. முதலாண்டில் நாங்கள் மஞ்சள் பூசியபோது மூன்றாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா அவர்தான்.

வெட்கத்தில் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. “தம்பி, சனிக்கிழமை வாங்க. நாற்காலி அடுக்க ஆள் இல்ல.” போனேன். கோப்பு எதையும் ஓராண்டு வரை அவர் என் கையில் தரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த அறையில் ஒரு மாற்றம் வந்தது. எந்தக் கோப்பும் ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்காது. இரண்டு பேர், அதோடு மேசை மேல் ஒரு கனமான குறிப்பேடு. யார், எந்தத் தேதி, எந்தத் தாள், அடுத்து என்ன என்று அன்றன்றைக்கு எழுத வேண்டும். மூலப் பத்திரம் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. என் பெயரைச் சொல்லாமலே அக்கா இந்த நடைமுறையைக் கொண்டுவந்தார்.

இதை வைத்து எனக்கு ஏற்பட்ட கருத்து இதுதான். தொண்டுக்கு வருகிற மாணவனிடம் நல்ல மனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. பெரும்பாலும் இருக்கும். எனக்கும் இருந்தது. அவனுடைய தேர்வு வாரத்திலும் வேலை நிற்காதபடி ஏற்பாடு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நாம் மூன்று நான்கு ஆண்டில் வெளியேறுகிற கூட்டம். ஆண்டுக்கு இரண்டு தேர்வு, நீண்ட விடுமுறை, கடைசி ஆண்டில் தொழிற்பயிற்சி. ஒரு பிள்ளையின் படிப்போ ஒரு குடும்பத்தின் பத்திரச் சிக்கலோ இந்த நாட்காட்டிக்குள் அடங்குவதில்லை. தனி மாணவன் நிச்சயமாக விட்டுவிட்டுப் போவான். பேரவை போகாது, அது தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஆகவே இந்தப் பொறுப்பைத் தனி ஆளின் ஆர்வத்தில் விடாமல் பேரவையே ஏற்க வேண்டும். மூன்றாமாண்டு மாணவர் வெளியேறுவதற்கு முன் முதலாமாண்டு மாணவர் ஒருவரை அந்த வீட்டுக்கு அழைத்துப் போய், “இனி இவர் வருவார் அம்மா” என்று நேரில் சொல்லி ஒப்படைக்க வேண்டும். செயலவைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கோடு அந்தக் குறிப்பேட்டையும் மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அறுபது பேர் ஒரு நாள் போவதற்குப் பதிலாக ஆறு பேர் ஆண்டு முழுவதும் போகட்டும். போக்குவரத்துச் செலவைப் பேரவை தரட்டும். பதாகைக்கும் டீ-சட்டைக்கும் ஆகிற காசில் அது தாராளமாக முடியும். ஒருநாள் நிகழ்ச்சிக்குச் சான்றிதழ் கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்றும் சொல்வேன். இதைச் சொன்னதும் மலர்க்குழுத் தம்பி சிரித்துவிட்டார். “அண்ணே, சான்றிதழ் இல்லேன்னா யாரு வருவா?” வராதவர்கள் வர வேண்டாம் என்பது என் எண்ணம். ஓராண்டு வர முடியாது என்று முன்கூட்டியே சொல்கிற மாணவர், வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடுவில் காணாமல் போகிறவரைவிடப் பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறார்.

எனக்கு எதிர்க்கருத்தும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்னோடு படித்த நண்பர் ஒருவர் இப்போது ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறார். பச்சை வண்ணம் பூச வந்த நிறுவனம்தான் அதற்குப் பிறகு ஓராண்டுக்கு அந்த அறையின் வாடகையைக் கட்டியது என்று அவர் எனக்கு நினைவூட்டினார். அது உண்மை. படம் எடுக்கிற தொண்டு இல்லாவிட்டால் படம் எடுக்க முடியாத தொண்டுக்குப் பணம் வராது என்கிறார். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. நானே முதலில் அங்கே போனது ஒரு தூரிகையோடுதானே? ஆனால் நிறுவனத்திடம் பணம் இருக்கிறது, நேரம் இல்லை. மாணவனிடம் பணம் இல்லை. சனிக்கிழமைகள் இருக்கின்றன. இருப்பதைக் கொடுக்காமல் இல்லாதவர்களைப் போல நடித்துச் சுவருக்கு வண்ணம் பூசப் போவானேன்?

இப்போது இதை எழுதுவதற்கு அவசரக் காரணம் ஒன்றும் இருக்கிறது. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், மேலே சொன்ன 21 வயது எல்லையை 18ஆகக் குறைக்கிறது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு மலேசியத் தாய்மார்கள் குடியுரிமை வழங்கலாம் என்ற நல்ல செய்தியும் அதே திருத்தத்தில் இருந்ததால், இது பலர் கண்ணில் படாமல் போனது. மூன்று ஆண்டு என்பது சிறிய காலமா? எங்கள் அறைக்கு வருகிற குடும்பங்களில் பெரும்பாலோர் பிள்ளைக்கு எஸ்.பி.எம். முடிந்து, மேற்படிப்புக்கு மனுச் செய்யும்போதுதான் சிக்கலை உணர்ந்து ஓடி வருகிறார்கள். பிள்ளைக்கு அப்போது பதினெட்டு ஆகியிருக்கும். இனி பன்னிரண்டு வயதிலேயே, பத்து வயதிலேயே கண்டுபிடிக்க வேண்டும். யார் கண்டுபிடிப்பது? டிரா மலேசியா போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் பதிந்து உதவுகின்றன. ஆனால் வாரா வாரம் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற அண்ணனிடமும் அக்காவிடமும்தான் ஒரு பிள்ளை, “எனக்கு ஐசி எடுக்க முடியாதாம்” என்று தானாக வாய் திறக்கும். பள்ளியில் கூச்சப்பட்டு மறைக்கும். ஒருநாள் முகாமுக்கு வந்தவர்களிடம் சொல்லவே சொல்லாது.

நான் இன்று ஷா ஆலமில் கணக்காய்வாளராக இருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே போகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மாதம் இரண்டு முறை போகிறேன். நாற்காலி அடுக்குகிறேன், கணிதம் நடத்துகிறேன். என் பெயர் எழுதிய கோப்புகள் இப்போது நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இன்னொருவர் பெயரும் இருக்கிறது.

அக்காவுக்கு முழங்கால் வலி. 2018லிருந்து அதிகம் வெளியே வருவதில்லை. அறைச் சாவியை அவர் ஒப்படைத்தது அந்தப் பெண்ணிடம்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டே சனிக்கிழமை காலையில் அறையைத் திறக்கிறாள். 21 வயதைக் கடந்தவர்களுக்கான வேறு பிரிவின்கீழ் அவள் மனுச் செய்தாள், நிராகரிக்கப்பட்டது. மறுபடி செய்தாள், அதுவும் அப்படியே. மூன்றாவது மனு இப்போது உள்ளே இருக்கிறது. எந்தப் படிவத்துக்கு எந்தத் தாள் வேண்டும், எந்த நகலில் யார் உறுதிப்படுத்திக் கையெழுத்திட வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். போன மாதம் நான் நிரப்பிய ஒரு படிவத்தைத் திருப்பித் தந்து, “அண்ணே, அம்மா பேரு பிறப்புப் பத்திரத்துல எப்படி இருக்கோ அப்படியே எழுதணும், ஓர் எழுத்து மாறக்கூடாது” என்றாள். திருத்தி எழுதினேன்.

இந்த மலரைப் படித்துவிட்டு வர விரும்புகிறவர்கள் பேரவைச் செயலாளரிடம் கேட்டால் வழி சொல்வார். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. எட்டே முக்காலுக்கு வந்தால் நாற்காலி இறக்க உதவியாக இருக்கும். கறுப்பு மைப் பேனா ஒன்று கொண்டு வாருங்கள். நீல மையில் எழுதினால் படிவத்தை மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.